தீமிதிப் படமும் மஞ்சள் கட்டும்

சமயத்தைக் கேலி செய்யும் ஆவணப்படங்களைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்பவர்கள் இரண்டு பதில்களில் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். தடை செய்ய வேண்டும் என்பது ஒன்று. காட்டினால்தான் ஜனங்களுக்குப் புத்தி வரும் என்பது மற்றொன்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அலோர் காஜா காப்பிக்கடையில் உட்காரும்போது இந்த வாதம் அடிக்கடி வரும். நான் இரண்டு பக்கமும் சேர்வதில்லை. எனக்கு அந்தக் கேள்வி ஒரு பெண்ணின் வலது பாதத்தைப் பற்றியது. நான் பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கம்யூனிஸ்டுக் கலகத்தை அடக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலத்தில் நான் அலோர் காஜாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெசராக இருந்தேன். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்தப் பெயர். தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கலகக்காரர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று கேட்டில் ஒவ்வொருவரையும் சோதிப்பார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக்கூடப் போலீஸ் அனுமதி வேண்டும்.

நான் கத்தோலிக்கன். இருந்தாலும் தீமிதி முடிந்த மறுநாள் மருந்தகத்தின் பின்வாசலைத் திறந்தே வைப்பேன். இரண்டொருவர் வந்து நிற்பார்கள்.

"கல்லு குத்திருச்சுங்க ஐயா."

கொப்புளத்துக்கும் கல் குத்தியதற்கும் வித்தியாசம் தெரியாதவன் டிரெசர் வேலைக்கு லாயக்கில்லை. "பாத்து நடக்கக்கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கழுவி மருந்து வைத்துக் கட்டி அனுப்புவேன். கால் சுட்டால் அம்மன் வேண்டுதலை ஏற்கவில்லை என்று லயத்தில் பேசுகிறவர்கள் உண்டு. அதனால்தான் அந்தக் கல். அதை நான் ஒருநாளும் பொய்யாக நினைத்ததில்லை. அது எங்களுக்குள் இருந்த மரியாதை. அந்த மரியாதையால் பல கால்கள் பிழைத்தன.

ஒரு வருடத் திருவிழாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு படக்குழு வந்தது. பூசாரி அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, குழிக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கினார். மறுநாள் மருந்தகத்துக்கு வந்தார்கள். சுகாதாரத்தைப் பற்றி ஒரு படம் என்றார்கள். ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் கொட்டிக் காலில் புண்ணாகிப்போன ஓர் ஆளுக்கு அப்போது நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கேமராவைக் கிட்டே கொண்டுவந்து என் கையையும் அவர் காலையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் படம் அடுத்த வருடத் திருவிழாவுக்குச் சற்று முன் எங்கள் தோட்டத்துக்கே வந்தது. பந்து விளையாடும் திடலில் வெள்ளைத்துணி கட்டி, ஊரடங்கு நேரத்துக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று அந்தி மறைந்ததுமே ஓட்டினார்கள். முதலில் சனங்களுக்கு ஒரே குதூகலம். தங்கள் கோயில், தங்கள் கரகம், தங்கள் முகம். பிறகு தமிழில் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. நாடகத்துக் கோமாளி பேசுவதுபோன்ற குரல். தணலைக் காட்டினார்கள். அதில் ஓடும் பாதங்களைக் காட்டினார்கள். உடனே ஒரு புண்பட்ட கால் திரை முழுக்க வந்தது. அதைத் துடைக்கும் என் கையும் வந்தது. "ஆத்தா கைவிட்ட காலை டாக்டர் கைவிடவில்லை!" என்றது குரல்.

முன்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து நின்றான்.

"டேய், இது நம்ம ஸ்டோர் அண்ணன் காலுடா! அந்த ரெண்டாவது விரலப் பாரு, கட்டவிரல் மேல ஏறிக் குந்தியிருக்கு!"

செருப்பில்லாமல் நடக்கிற தோட்டத்தில் ஒருவர் காலை மற்றவர் அறியாமல் இருக்க முடியாது. ஸ்டோர்காரர் என்னைப் போலவே மாதா கோயிலுக்குப் போகிறவர்.

"அண்ணே, நீ எப்ப தீ மிதிச்ச? மாதாவுக்குத் தெரியுமா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் லா!"

சிரிப்பில் மீதிப் படம் யாருக்கும் கேட்கவில்லை. நானும் சிரித்தேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

முடியவில்லை. பின்வாசலை அந்தக் குரல் ஊருக்கே திறந்து காட்டிவிட்டது. மருந்தகத்துக்கு வந்தால் அம்மன் கைவிட்டாள் என்று அர்த்தம் என்பதைப் படமே சொல்லிவிட்டதே. இனி யார் வந்து கல் குத்தியது என்பார்கள்?

அந்த வருடத் தீமிதிக்கு நான்கு மணிக்குள் கூட்டம் கலைய வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. வழக்கமாக இருட்டும் நேரத்தில்தான் இறங்குவார்கள். அதற்குள் தணல் ஆறிச் சாம்பல் பூத்துவிடும். அன்று தணல் சிவப்பாக இருக்கும்போதே இறங்கினார்கள். மறுநாள் பின்வாசலைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. என் தினக்குறிப்பில் "யாரும் வரவில்லை, நல்லதல்ல" என்று எழுதினேன்.

லயங்களில் சாக்கடையும் கொசுவும் பார்த்து வருவது என் வாராந்திர வேலை. அந்த வாரம் கடைசி லயத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததுமே வாடை சொல்லிவிட்டது. பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பெண். காட்டுக்குச் சோறு அனுப்பினான் என்ற சந்தேகத்தில் அவள் கணவனைப் பிடித்துப்போய்ப் பல மாதம் வைத்திருந்தார்கள். அவன் திரும்பி வந்தால் தீ மிதிப்பதாக அவள் வேண்டிக்கொண்டது எல்லாருக்கும் தெரியும். அவன் வந்துவிட்டான். அவளும் மிதித்துவிட்டாள். இப்போது வலது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் காய்ச்சலில் வெந்திருந்தது.

"காலக் காட்டு தங்கச்சி."

"ஒண்ணும் இல்லைங்க."

"கல்லு குத்துச்சா?"

அவள் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். மாமியார் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"கல்லுன்னு சொன்னா இனி யாரு நம்புவா? கட்டுப் போட்டுக்கிட்டு அவ லயத்துல நடந்தா, ஆத்தா ஏத்துக்கலன்னு ஊரு பேசும். ஏத்துக்கலன்னா எம்மவன மறுபடியும் கொண்டுபோயிருவாங்க. நீங்கதான் படத்துல நடிச்சவராச்சே, உங்களுக்கு என்ன?"

மூலையில் உட்கார்ந்திருந்த கணவன், "நான் போனாலும் பரவால்ல, அவ கால் போகக்கூடாதுங்க" என்றான். அதைக் கேட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.

நான் தோட்டத்து மேலாளரான துரையிடம் சொல்லியிருந்தால் லாரி அனுப்பி அவளைத் தூக்கிப்போயிருப்பார்கள். ஊரும் வேடிக்கை பார்த்திருக்கும். அது அந்தப் படத்தின் இரண்டாம் பாகமாக இருந்திருக்கும். நான் பூசாரியைத் தேடிப் போனேன். அவரும் மரம் வெட்டுகிறவர்தான். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"கால் சுட்டா வேண்டுதல் தோத்ததா அண்ணே?"

"எவன் சொன்னான்? எனக்கே எத்தன தடவ சுட்டிருக்கு."

"இந்த வருசம் ஏன் இவ்வளவு சுட்டுச்சு?"

"தணல் ஆறல. போலீசு டைமுக்கு முடிக்கணும்னு நான்தான் எறங்கச் சொன்னேன்."

"அத அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல வந்து சொல்லுங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நெருப்பு சுடும்னு நானே சொன்னா படக்காரன் சொன்னது சரின்னு ஆயிடும் லா. படம் ஓட்டின நாள்ல இருந்து அவன் மூஞ்சில கரியப் பூசணும்னு இருக்கேன். நீங்க என்ன, அவன் ஆளா?"

"படக்காரன் படத்தச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டான். அந்தப் பொண்ணு கால் இன்னும் ரெண்டு நாள் தாங்காது. நீங்க யாரு பக்கம்?"

என்னைத் திட்டினார். வேதக்காரனுக்குக் கோயில் விஷயத்தில் என்ன வேலை என்றும் கேட்டார். திட்டிக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

மரம் வெட்டி எல்லாரும் திரும்பியிருந்த நேரம். கடைசி லயத்தின் முன்னால் நின்று கோயிலில் உத்தரவு சொல்கிற அதே குரலில் பேசினார்.

"நெருப்புன்னா சுடும். சுடாதுன்னா அத மிதிக்கிறதுல என்ன இருக்கு? இந்த வருசம் தணல் ஆறுமுன்ன எறக்கிவிட்டது நான். தப்பு நேரத்தோடது, இந்தப் புள்ளையோடது இல்ல. நடந்தாளா? நடந்தா. புருசன் வந்துட்டானா? வந்துட்டான். இதுக்கு மேல எவனாவது வாயத் தொறந்தா, அடுத்த வருசம் அவனத்தான் முதல்ல எறக்குவேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "அப்ப உம்ம காலக் காட்டும்" என்றாள். பூசாரி சற்றும் தயங்காமல் ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்காலில் காய்ந்த கொப்புளங்கள் இருந்தன. கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்ததில் கேலி இல்லை.

நான் உள்ளே போய்க் காலைக் கழுவினேன். செத்த தோலை வெட்டி எடுத்தேன். பென்சிலின் ஊசி போட்டேன். வெள்ளைக் கட்டுத்துணியை நான் எடுத்தபோதுதான் முதல்முறையாகக் கையை நீட்டித் தடுத்தாள்.

"வெள்ள வேணாங்க. படத்துல வந்தது அதான்."

பூசாரி வாசலிலிருந்தே, "மஞ்சள்ல நனச்சுக் கட்டலாமா ஐயா? காப்பு மாதிரி இருக்கும்" என்றார். சுத்தமான கட்டு உள்ளே இருக்க, மேல்சுற்றை மட்டும் மஞ்சளில் நனைத்து உலர்த்திக் கட்டுவதால் காயத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. கொதிக்கவைத்த தண்ணீரில் மஞ்சள் கரைக்கச் சொன்னேன். மாமியார் பானையோடு ஓடினாள்.

அதன் பிறகு அவளைக் கணவன் தினமும் முதுகில் சுமந்து மருந்தகத்துக்குக் கொண்டுவந்தான். பின்வாசலுக்கு அல்ல. காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில், முன்வாசலுக்கு. புண் உலர்ந்தது. விரல்கள் எல்லாம் பிழைத்தன. மேல்தோல் மட்டும் வழவழப்பாக நின்றுவிட்டது.

இனி என் கருத்து. அந்தப் படம் சொன்னதில் புண்ணைக் கழுவச் சொன்னது சரி. வேறொருவர் காலைத் தீமிதிக் காலாக ஒட்டியது திருட்டு. ஆனால் எனக்குக் கோபம் அந்தத் திருட்டின்மேல்கூட இல்லை. எங்கள் மாதா கோயில் திருநாளில் முழங்காலால் நகர்ந்து வருகிறவர்களைப் பார்த்திருந்தால் அந்தக் கேமரா அவர்களையும் விட்டிருக்காது. கேலி செய்யட்டும், நாங்கள் கண்ணாடிப் பாத்திரம் அல்ல. ஆனால் கேலி செய்தவன் விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகு, அந்தச் சிரிப்புக்குப் பயந்து எவர் வீட்டில் யார் புண்ணை மறைக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாதவன் சொல்வது முழு உண்மை ஆகாது. தடை கேட்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: படத்தை நிறுத்தினாலும் அந்தப் பெண்ணின் கால் ஆறியிருக்காது. ஒருவர் வாசலுக்கு வந்து பேசியதால் ஆறியது.

அவள் மறுபடி மரம் வெட்டப் போன வாரம், அவளுடைய மாமியார் மருந்தகத்துக்கு வந்தாள். கெண்டைக்காலில் எத்தனையோ வருடப் பழைய புண். அதுவரை என்னிடம் காட்டியதே இல்லை. கழுவிக்கொண்டிருந்தபோது குனிந்து என் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ஏங்க வெள்ள? எனக்கும் மஞ்சள்தான் வேணும்."

"நீங்க தீ மிதிக்கலையே ஆத்தா."

"மிதிச்சவளுக்கு மாமியா யாரு?" என்றாள். மஞ்சளில் நனைத்துத்தான் கட்டினேன்.