யூரியாத் தண்ணீர்

அம்சவல்லி பதினாறு வயதில் நடவுக்கு இறங்கியவள். நடவு மெஷின் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டதும் ஒப்பாரி வைக்காமல், அந்த மெஷினுக்கே நாற்றுத் தட்டு செய்கிற பட்டறையில் போய்ச் சேர்ந்தாள். கும்பகோணத்துக்கு வெளியே ஜாஃபர் சாதிக் பாய் நடத்தும் பட்டறை அது. சாக்கு கழுவுகிற தொட்டியில் ஆரம்பித்து, ஆறு வருஷத்தில் பிளாஸ்டிக் உருக்கும் மெஷினின் சுவிட்ச் வரை வந்துவிட்டாள். தெருவில் அவளை 'மெஷின்காரி' என்று கேலி செய்வார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அங்கே உருக்குவது இரண்டு சரக்கு. நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து வரும் கிழிந்த நைலான் வலை ஒன்று, யூரியா மூட்டையின் உள்பை இன்னொன்று. வலையில் விறைப்பு, பையில் நெளிவு. இரண்டும் ஒன்றினால் தட்டு உடையாது. ஆனால் அவை ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகள் மாதிரி. நடுவில் ஒருத்தர் புகுந்து சேர்த்து வைக்க வேண்டும். அதற்கென்று சென்னையிலிருந்து வெள்ளைக் குருணை ஒன்று வரும். பட்டறையில் அதற்கு 'மருந்து' என்று பெயர். ஒரு பக்கம் பையோடு கலந்துகொண்டு, மறுபக்கம் நைலானைப் பிடித்துக்கொள்ளும். அதை நிறுத்துப் போடுவது சைத்தூன் பீவி. அம்சவல்லிக்கு அக்கா முறை. 'வாடி அம்சா' என்றுதான் வாய் நிறையக் கூப்பிடுவார்.

குறுவைக்கு ஆயிரம் தட்டு கேட்டிருந்த உழவர் குழு, மாதிரித் தட்டை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. ஈர நாற்றோடு தூக்கினால் மூலை பிளந்து, வெங்காயத் தோலாக உரிந்தது. மருந்து அனுப்பும் சென்னைக்காரர் போனில், அளவு குறைந்தால்தான் இப்படி உரியும் என்றார். மருந்தோ விலை கூடின சரக்கு. பாயின் பார்வை சைத்தூன் பீவி மேல் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை மருந்தைத் தானே நிறுத்து வைத்துவிட்டு, ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் ஒரு முடிவு சொல்வதாகப் போனார். என்ன முடிவு என்று எல்லோருக்கும் தெரியும். சைத்தூன் பீவி வலையை வெட்டிக்கொண்டிருந்தார்.

மெஷின் வாயிலிருந்து வந்த ஆவியில் அன்றைக்கும் அந்த நெடி. மாட்டுக் கொட்டகையில் மூத்திரம் காய்கிற நெடி. இத்தனை நாள் அம்சவல்லி அதை வலையின் மீன் கவிச்சி என்றே நினைத்திருந்தாள். என்னவோ தோன்றி, காய்ந்து கிடந்த ஓர் உள்பையை எடுத்துப் பார்த்தாள். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. சுரண்டி நாக்கில் வைத்தாள். சில்லென்றது. யூரியா. வயலில் உரம் வீசிய கைக்கு அது தெரியாதா?

பை அலசும் தொட்டித் தண்ணீரை எட்டு நாளாக மாற்ற விடாதவள் அவள்தான். உரம் கரைந்த தண்ணீரைச் சாக்கடையில் விட மனசு வரவில்லை. புருஷன் வைரக்கண்ணு குடத்தோடு வந்து நாற்றங்காலுக்கு எடுத்துப் போவார். நாற்று கருகருவென்று நின்றது. ஊரே விசாரித்தது. மருந்து முதலில் வந்தபோது சென்னைக்காரர் அவளிடம்தான் சொன்னார், பையில் யூரியா நின்றால் நைலானுக்கு முன்னால் அதுவே மருந்தைப் பிடித்துத் தின்றுவிடும் என்று. எட்டு நாள் யூரியாத் தண்ணீரிலேயே அலசினால் அது எப்படிப் போகும்?

யாரிடமும் சொல்லாமல் தொட்டியைத் திறந்துவிட்டாள். நல்ல தண்ணீர் பிடித்து, பைகளை இரண்டு தடவை அலசி, வைகாசி வெயிலில் போட்டாள். பாய் நிறுத்து வைத்த மருந்தைப் போட்டு உருக்கினாள், அச்சில் வார்த்தாள். நெடி இல்லை. இரண்டு மணிக்குப் பாய் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து, தட்டை முழங்காலில் வைத்து வளைத்தார். வளைந்து திரும்பியது.

"பாத்தீங்களா? இன்னிக்கு நான் நிறுத்தேன். உடையல."

அம்சவல்லி இதை நினைத்துப் பார்க்கவில்லை. அவள் சரிசெய்தது சைத்தூன் பீவிக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வாயைத் திறந்தால் மெஷின் போகும். திறக்காவிட்டால் அந்த அம்மாவுக்குத் திருட்டுப் பட்டம். சைத்தூன் பீவி கையுறையைக் கழற்றி வைத்தார். பையை எடுத்தார். கேட் வரை போய்விட்டார்.

"பாய், அக்கா எடை சரிதான். தொட்டித் தண்ணிய மாத்தாம வெச்சது நான்."

பாய் நம்பவில்லை. பூத்துக் கிடந்த பழைய பைகளைப் போட்டு, அவரே மறுபடி நிறுத்த அதே அளவு மருந்தைப் போட்டு, அவர் எதிரிலேயே உருக்கி வார்த்தாள். தட்டு கையில் பிளந்தது. பாய் கேட்டில் நின்ற சைத்தூன் பீவியிடம் தானே போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தார். அம்சவல்லியை மெஷினை விட்டு இறக்கவில்லை. குறுவை தலைக்கு மேல் இருந்தது, ஓட்டத் தெரிந்த ஆள் வேறு இல்லை.

சனிக்கிழமை காலை சைத்தூன் பீவி மருந்தை நிறுத்தார். வழக்கம்போல 'வாடி அம்சா' என்று கூப்பிடவில்லை, அப்படியே கொட்டவும் இல்லை. தராசை மருந்தோடு தூக்கிக்கொண்டு மெஷின் வரை வந்து, அம்சவல்லி எதிரே வைத்தார்.

"எடையப் பாத்துக்குங்க."

அம்சவல்லி குனிந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.