மஞ்சள் மாறாத பட்டை

காலை ஐந்து ஐம்பதுக்கு விளக்கைப் போட்டபோது, தொட்டியில் இருந்த மூன்று தங்கமீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

அம்மோனியா ஏறியிருக்குமோ என்று சோதனைப் பட்டை ஒன்றைத் தொட்டியில் முக்கினேன். தண்ணீர் கெட்டிருந்தால் மஞ்சள் பட்டை பச்சையாகும். அது மஞ்சளாகவே இருந்தது.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றேன் மனைவியிடம்.

"அப்ப மீனுங்க நடிக்குதா? அந்தப் பட்டைய கால்வாய்ல முக்கினாக்கூட நல்லா இருக்குன்னுதாங்க சொல்லும்."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். ஆனால் நிருபராக இருந்தபோது என் வழக்கமும் அதுதான். எதைக் கேட்டாலும் பிரச்சினை இல்லை என்று சொல்லும் அதிகாரியிடம், பிரச்சினை இருப்பது எனக்கே தெரிந்த ஒன்றைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

பட்டை டப்பாவையும் கயிறு கட்டிய ஒரு குவளையையும் எடுத்துக்கொண்டு மந்தைவெளிப் பக்கம் நடந்தேன். பாலத்தின் மேலிருந்து குவளையை இறக்கிக் கால்வாயின் கறுப்புத் தண்ணீரை மொண்டேன். பால் பாக்கெட்டோடு போன ஒருவர் நின்றார்.

"இன்னா சார், இதுல மீன் வளக்கப் போறியா?"

பட்டையை முக்கி, டப்பாவில் எழுதியிருந்தபடி காத்திருந்தேன். மஞ்சள் மாறவில்லை. டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்ததையும், உள்ளே பட்டைகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததையும் அங்கேதான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது, முந்தைய நாள் பிடித்துவைத்திருந்த தண்ணீரை ஊற்றி, மனைவி பாதித் தொட்டியை மாற்றி முடித்திருந்தாள். இரண்டு மீன்கள் கீழே இறங்கி நீந்திக்கொண்டிருந்தன; மூன்றாவது இன்னும் மேலேயே இருந்தது.