சகலையின் கீழ்ப் படுக்கை

என் மனைவியின் அக்காவைக் கட்டியவருக்கு ரயில் பைத்தியம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது அவருக்கு அதிகப்படியான மரியாதை. பைத்தியத்துக்காவது பிடித்த பொருளின் மேல் உண்மையான பிரியம் இருக்கும். என் சகலைக்குப் பிரியமெல்லாம் ரயிலில் போய் வந்ததைப் பிறருக்குச் சொல்வதில்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே ஆரம்பித்துவிட்டார். ரஷ்யாவில் ஒரு வாரம் விடாமல் ரயில். கனடாவில் மலைகளுக்கு நடுவே ரயில். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ரயில். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் சிங்கப்பூர் தோ பாயோவில் உள்ள அவர் வீட்டுக்கு எங்களைக் கூப்பிடுவார். தேக்கா சந்தையிலிருந்து பிரியாணி வந்து மேசையில் ஆறிக்கொண்டிருக்கும். நாங்கள் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து தொலைக்காட்சியில் படம் பார்க்க வேண்டும். மலையை மறைத்துக்கொண்டு அவர் நிற்பார். ஏரியை மறைத்துக்கொண்டு அவர் நிற்பார். சைபீரியா எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றும் தெரியாது. சைபீரியாவில் அவருடைய தொப்பி எப்படி இருந்தது என்று தெரியும்.

"பிளேன்ல போறவன் டிராவலரே இல்ல சகலை. அவன் பார்சல் லா," என்பார் ஒவ்வொரு முறையும், என்னைப் பார்த்து.

நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன். எத்தனையோ பார்சல்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பார்சலும் என்னை உட்கார வைத்துப் படம் காட்டியதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் என்னையும் பாங்காக்குக்கு ரயிலில் கூப்பிட்டார். அக்காவுக்கு முதுகுவலி, வர முடியாது. தனியாகப் போனால் அவரைப் படம் எடுக்க ஆள் கிடையாது. மறுக்கத்தான் நினைத்தேன். என் மனைவி விடவில்லை.

"அத்தான் ஆசையா கூப்பிடறாரு. ரிட்டயர் ஆயி வீட்லயே உக்காந்திருக்கீங்க. போயிட்டு வாங்களேன்."

போனேன். உட்லண்ட்ஸில் ஏறி, பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூரில் இறங்க ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் அவரைப் பதினோரு படம் எடுத்தேன். பிறகு வடக்கே ரயில் மாறி மாறிப் போனோம். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் முடிந்தால் இன்னொரு செம்பனைத் தோட்டம். அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சுவிட்சர்லாந்து ரயிலின் ஜன்னல் எவ்வளவு பெரியது என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். இந்த ஜன்னல் வழியாக ஒரு தடவையாவது பார்த்தாரா என்றால், இல்லை.

எல்லையில் பாடாங் பெசாரில் தாய்லாந்து ரயிலுக்கு மாறினோம். படுக்கை வசதியுள்ள பெட்டி. டிக்கெட் எடுத்தது அவர்தான். தனக்கு ஜன்னலோடு கீழ்ப் படுக்கை, எனக்கு அவர் தலைக்கு மேலே, ஜன்னலே இல்லாத மேல் படுக்கை. "உனக்கு மேல ஏற கஷ்டம் இல்லல்ல?" என்று ரயில் ஏறிய பிறகு கேட்டார்.

ஹாட்யாயில் ஒரு அம்மா ஏறினார். அறுபது வயது இருக்கும். வலது முழங்காலில் பெரிய கட்டு, கையில் ஊன்றுகோல். அவருக்கு எங்களுக்கு எதிரே மேல் படுக்கை. அந்த ஏணியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், நடைபாதையிலேயே நின்றார். பெட்டி ஊழியர் பார்த்துவிட்டு என் சகலையிடம் வந்தார். அந்த அம்மாவின் காலைக் காட்டினார், மேலே காட்டினார், கீழே காட்டினார், கை கூப்பினார். இதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவையில்லை.

"நோ, நோ. லோவர். புக்ட்," என்றார் சகலை, டிக்கெட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டி. பிறகு என்னிடம், "ஜன்னல் இல்லாம ரயில் எதுக்கு சகலை? அதுக்கு பிளேன்லயே போயிருக்கலாமே."

அப்போது உணவுப் பெட்டியிலிருந்து எதிர்க் கீழ்ப் படுக்கைக்காரர் வந்தார். ராணுவக் கால்சட்டை போட்ட இளைஞர். ஊழியர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவின் காலைப் பார்த்தார். தன் பையை மேலே தூக்கிப் போட்டார், தானும் ஏறினார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை, ஒரு படம் இல்லை.

ஊழியர் கீழே இருந்த இருக்கைகளை இழுத்துப் படுக்கையாக்கி, விரிப்பு போட்டு, திரைச்சீலை மாட்டினார். வெளியே வயல்களின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் கழிவறைக்குப் போகக் கீழே இறங்கியபோது சகலையின் திரை சற்று விலகியிருந்தது. கண் கூசுகிறதென்று ஜன்னலின் மறைப்பை இறக்கிவிட்டு, படுத்தபடி கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். பனிமலையில் போகும் ரயில். அவரே எடுத்த வீடியோ.

காலையில் அந்த அம்மா எங்கள் இருவருக்கும் வாழைப்பழம் கொடுத்தார். எனக்கு வாங்கவே கூச்சமாக இருந்தது. சகலை இரண்டு சாப்பிட்டார். பிறகு எதிரே போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எடு சகலை, எடு," என்றார். எடுத்தேன். அந்த அம்மா பாவம், கேமராவைப் பார்த்து நன்றாகவே சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து சிராங்கூன் சாலைப் பக்கத்தில் ஒரு சங்கத்தின் மாடி அரங்கில் அவருக்குப் பேச்சு ஏற்பாடாகியிருந்தது. உலக ரயில்களில் ஒரு தமிழன் என்று ஏதோ தலைப்பு. சொந்தக்காரர்கள் எல்லோரும் போனோம். மேடையில் ஏறியதும் அவருக்குச் செந்தமிழ் வந்துவிடும். அன்றும் வந்தது. கடைசியில் திரையில் அந்த அம்மாவின் படம் விழுந்தது.

"இந்த மூதாட்டியால் மேலே ஏற இயலவில்லை. என் உள்ளம் தாங்கவில்லை. என் படுக்கையை அவருக்கு விட்டுக் கொடுத்தேன். இதுதான், அன்பர்களே, ரயில் எனக்குக் கற்றுத் தந்த பாடம்."

கைதட்டல். மூதாட்டியாம். அந்த அம்மாவை விட இவருக்கு ஏழெட்டு வயது கூட இருக்கும்.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா அத்தான் மனச? நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே."

கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். "அங்கிள், லோவர் பெர்த்த குடுத்துட்டு நீங்க எங்க படுத்தீங்க?"

"என் படுக்கைக்கு நேர் மேலேதான்," என்றார் சகலை. "என் சகலையே இங்கே இருக்கிறார். அவரையே கேளுங்கள்."

ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. எழுந்து நின்றேன். "அந்த மேல் பெர்த்ல நான்தான் படுத்திருந்தேன்," என்றேன்.

சகலையின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஒரே கணம்தான்.

"ஆமாம்!" என்றார் கையை விரித்து. "இருவரும் ஒரே படுக்கையில்! விடிய விடிய!"

அரங்கமே சிரித்தது. முதலில் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். இல்லை, அப்படியில்லை என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டி ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் என் மனைவி என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அவரு சொன்னது நடக்கலியா?"

நடந்ததைச் சொன்னேன். ராணுவக்காரர், வாழைப்பழம், எல்லாம். கேட்டுவிட்டு, "அக்காகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். அடுத்த நிலையம் வந்து கதவு மூடியதும் இன்னொன்றும் கேட்டாள். "சரி, அங்க ரயில்லயே ஏன் அவருகிட்ட சொல்லல? குடுங்கண்ணேன்னு ஒரு வார்த்தை?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மா நடைபாதையில் நின்றபோது எனக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். நல்லவேளை, என்னுடையது மேல் படுக்கை, என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதிதான். சகலையைப் பற்றி நான் இத்தனை சொல்கிறேன். அந்த இளைஞர் எழுந்து ஏறிய நேரத்தில் நாங்கள் இரண்டு பேருமே அசையாமல்தான் இருந்தோம். அவர் வாய் திறந்து மறுத்தார், நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்காக அவர்மேல் எனக்கு இளக்காரம் குறைந்துவிடவில்லை. அடுத்ததாக வியட்நாமில் தெற்கிலிருந்து வடக்கே ரயில் என்று போன மாதம் போன் செய்தார். "டிக்கெட் ரெண்டா போட்டுடட்டா சகலை?"

"வேணாண்ணே," என்றேன். "உங்க கூட நான் வரல."

முழங்கால் வலி, வேலை என்று எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. பிறகு, "சரி, சரி," என்று அவர் போனை வைத்துவிட்டார். இப்போது தன்னோடு வர பக்கத்து பிளாக்கில் ஒருவரைப் பிடித்திருக்கிறாராம். அந்த மனிதர் நல்ல கேமரா வைத்திருக்கிறார் என்று என் மனைவி சொன்னாள்.