தம்பி டிக் அடித்த இடம்

என் தம்பி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டான். மேலே, காற்று வருகிற கிரில்லைப் பார்ப்பான். கழுத்தை நீட்டி இரண்டு தடவை மூச்சை இழுப்பான். அதற்குப் பிறகுதான் "நல்லா இருக்கீங்களா" எல்லாம். இதனால் தெருவில் அவனுக்கு 'மோப்பம்' என்று பெயர். அது அவனுக்கும் தெரியும். சில சமயம் போனை எடுத்து, "மோப்பம்தான் பேசுறேன், சொல்லுங்க" என்பான்.

ஒரே இயந்திரத்திலிருந்து வீடு முழுவதற்கும் குளிர்காற்றையும் வெப்பக்காற்றையும் கொண்டுபோகிற தகரக் குழாய்கள் உண்டல்லவா, டக்ட் என்பார்களே, அவற்றைப் பொருத்துவதும் சுத்தம் செய்வதும்தான் அவன் தொழில். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீட்டுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் தவழ்ந்துகொண்டிருக்கிறான். முழங்கால் இரண்டும் காய்த்துப்போய்விட்டன.

வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் அதிகம். டக்டுக்குள் பூஞ்சை என்று யார் கூப்பிட்டாலும் வீட்டுக்காரரை நிற்க வைத்துப் பாடம் நடத்திவிட்டுத்தான் ஏணியை விரிப்பான். "பூஞ்சைக்கு மூணே மூணு வேணும். ஈரம், தூசி, நீங்க கண்டுக்காம இருக்கிறது. இதுல ஒண்ணை எடுத்துட்டாலும் அது பொழைக்காது." ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், காற்று திரும்பிப் போகிற கிரில்லை மறைத்து புத்தக அலமாரியை வைத்திருந்தார். அவரையே பெஞ்சு மேல் ஏற்றாத குறையாகத் திட்டினான். கல்யாணமான புதிதில் ஒரு ஜோடி, மக்கல் வாடை தெரியாமல் இருக்கட்டும் என்று சென்ட் நனைத்த பஞ்சைக் கிரில்லுக்குள் செருகியிருந்தார்கள். அந்தக் கதையை இன்று வரை போகிற இடமெல்லாம் சொல்கிறான்.

ஆனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் அவன் போடும் டிக். இரண்டு குழாய்கள் சேருகிற ஒவ்வொரு இணைப்பையும் அடைத்து, வெள்ளி டேப் சுற்றி, மேலே பஞ்சு உறை போர்த்தி, சுற்றிலும் கையை விட்டுத் தடவிப் பார்ப்பான். பிறகு கறுப்பு மார்க்கரால் ஒரு டிக். "நான் டிக் அடிச்ச இடத்தை நானே மறுபடி பார்க்க மாட்டேன்" என்பான். அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

எங்கள் வீட்டு டக்டும் அவன் கைவேலைதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், நாங்கள் குடிவருவதற்கு முதல் நாள் வரை மேலேயே கிடந்து முடித்துக் கொடுத்தான். இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். அவள் நடக்க ஆரம்பித்ததிலிருந்தே இருமல். வெயில் காலம் வந்து குளிர்காற்றைப் போட்டால் போதும், அவள் அறையிலிருந்து அந்தச் சத்தம் ஆரம்பித்துவிடும்.

தம்பி வருஷா வருஷம் வந்து அவள் அறைக்குப் போகும் குழாயைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்வான். நாலு மாசத்தில் பூஞ்சை திரும்ப வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் விழும்.

"நீ மூடி போடாம கொதிக்க விடுறே. ஈரத்துணியை வீட்டுக்குள்ளேயே காயப் போடுறே. அந்த ஈரமெல்லாம் எங்க போகும்னு நினைக்கிறே?"

நானும் மாற்றிக்கொண்டேன். சட்டிக்கு மூடி போட்டேன். மழையானாலும் துணியை வெளியே தாழ்வாரத்தில்தான் காயப் போட்டேன். குளியலறைச் சுவரைத் துடைத்துவிட்டு வந்தேன். மாசம் தவறாமல் ஃபில்டர் மாற்றினேன், இயந்திரத்தின் தண்ணீர்த் தட்டு ஓட்டை அடைத்துக்கொள்ளாமல் ஊசி வைத்துக் குத்திவிட்டேன். என் கை ஈரமாக இருந்தாலே எனக்குப் பயம் வந்துவிடும். அவள் இருமும்போதெல்லாம், நான் எதையோ சரியாகச் செய்யவில்லை, அதனால்தான் என் பெண் மூச்சுக்குத் திண்டாடுகிறாள் என்று நினைப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆமாம் என்றுவிடுவார்களோ என்று பயம்.

இந்த வருஷ லீவில் அவளைப் பதினைந்து நாள் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தோம். ஒரு இருமல் இல்லை. நாத்தனார் போனில், "இவ இங்கேயே இருந்து படிக்கட்டுமே அண்ணி. எங்க வீடு எப்பவும் சுத்தமா இருக்கும், உங்களுக்கே தெரியும்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தை முள் மாதிரி தைத்தது. டாக்டரும் கொஞ்ச நாள் இடம் மாற்றிப் பார்க்கச் சொன்னார். என் கணவர் மகளை வீட்டுக்கு அழைத்துவந்து, திங்கட்கிழமை மறுபடி அங்கேயே கொண்டுபோய் விடுவது என்று முடிவு செய்தார். ஒன்பது வயதுப் பெண், தன் பையைத் தானே அடுக்கினாள். அழவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை தம்பி வந்தான். வழக்கம்போல நுழைந்ததும் மோந்து பார்த்தான். பிறகு ஈரம் அளக்கிற சின்னக் கருவியைச் சமையலறையில் வைத்தான், கூடத்தில் வைத்தான், குளியலறை வாசலில் வைத்தான்.

"வீடு காய்ஞ்சு கிடக்கே" என்றான், ஏமாந்துபோனவன் மாதிரி.

மகள் அறைக் கிரில்லைக் கழற்றிக் கருவியை உள்ளே நீட்டினான். எண் ஏறிக்கொண்டே போனது.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "நான்தான் ஈரம் பண்றேன்னு இத்தனை வருஷமா சொன்னியே. இப்ப சொல்லு, அந்த ஈரம் எங்கேருந்துடா வருது?"

"தெரியலக்கா."

"மேல ஏறிப் பாரு."

"மேல எல்லாம் டிக் இருக்குக்கா. போன தடவைகூட டார்ச் அடிச்சுப் பார்த்தேன்."

"டிக்கைப் பார்க்காதே. கையை விட்டுப் பாரு."

நடைபாதை சீலிங்கில் இருக்கும் பலகையைத் தள்ளிவிட்டு ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இடுப்புக்கு மேல் அவன் சீலிங்குக்குள் மறைந்துவிட்டான். நான் அவனுடைய கால்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

"இவ ரூமுக்குப் பிரியற இணைப்பு. டேப் இருக்கு, உறை இருக்கு, டிக் இருக்கு" என்றது மேலேயிருந்து குரல்.

"பின்பக்கம்?"

பின்பக்கம் சுவரை ஒட்டி ஒரு கட்டை போகிறது. அதைத் தாண்டித் தோள் வரை கையை நுழைத்தால்தான் எட்டும். அவன் குதிகால்கள் உயர்ந்தன. அப்படியே நின்றன.

இறங்கி வந்தான். முழங்கை வரை ஈரம், விரலெல்லாம் கறுப்புப் பிசுக்கு. கையைத் தூக்கி என் முன்னால் காட்டினான்.

"பின்னாடி டேப்பே இல்லக்கா. வெறும் தகரம், ஒரு விரல் இடுக்கு. மெஷின் நிக்கிறப்பல்லாம் மேல இருக்கிற ஈரக்காத்து அது வழியா உள்ள போயிருக்கு. குளிர்ந்த தகரத்துல பட்டு வேர்த்திருக்கு. அவ பொறந்ததுலேருந்து நேரா அவ ரூமுக்கு." ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். "உன் மேல தப்பில்ல. நான்தான்."

எனக்கு உடனே அந்த நாள் ஞாபகம் வந்தது. குடிவருவதற்கு முதல் நாள் மத்தியானம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மேலே கிடந்தான். இதே ஏணியின் கீழே நின்று நான்தான் கத்தினேன்: "சாப்பாடு ஆறிப்போகுது, போதும் இறங்கி வாடா." மூன்றாவது தடவை கூப்பிட்டதும் இறங்கி வந்தான்.

"அன்னிக்கு உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டது நான்தானேடா" என்றேன்.

"கூப்பிட்டது நீ. டிக் அடிச்சது நான்."

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இடுக்கைக் கண்டுபிடித்த சந்தோஷமா, இத்தனை வருஷத்துப் பயம் இறங்கிய அழுகையா, தெரியவில்லை. அவன் மேல் கோபமும் இருந்தது, பொய் சொல்வானேன். நன்றாக நாலு வார்த்தை திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பாடம் நடத்தியே பழகிய ஆள், பாடம் கேட்டு நின்றது அன்றைக்குத்தான்.

கையைக்கூடக் கழுவாமல், நான் கேட்காமலேயே என் நாத்தனாருக்குப் போன் போட்டான். "எங்க அக்கா வீட்டுச் சுத்தத்துல ஒரு குறையும் இல்லீங்க. குறை என் வேலைல" என்று நான் கேட்கும்படியாகவே சொன்னான். என் கணவரிடமும் அதையே சொன்னான். அன்றும் மறுநாளும் பூஞ்சை பிடித்த குழாயை முழுசாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டான். மகளின் பை இரண்டு வாரம் கதவோரம் அப்படியே இருந்தது. டாக்டர் சொல்லட்டும் என்று என் கணவர் காத்திருந்தார். டாக்டர் மகளின் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டிலேயே இருக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் மகள் பையைக் கவிழ்த்து, துணியையெல்லாம் அலமாரியில் வைத்தாள்.

புது இணைப்பை முடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே தம்பி என்னை ஏணியில் ஏறச் சொன்னான். இந்த முறை அவன் பிடித்துக்கொண்டான். என் கை மெலிசு, கட்டையைத் தாண்டிச் சுலபமாகப் போனது. பின்பக்கம் முழுவதும் தடவினேன். மெத்தென்று உலர்ந்திருந்தது.

கீழேயிருந்து மார்க்கரை நீட்டினான்.

"நீ டிக் அடிக்கா" என்றான்.