பொலிஸ்காரரின் பொக்கற்றுகள்

ஜேர்மன் பொலிஸ் உடுப்பு ஒன்று கைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது அதன் பொக்கற்றுகளுக்குள் கைவிட்டுப் பார்ப்பதுதான். நிறம், தையல், தோளில் உள்ள நட்சத்திரம் எல்லாம் அதற்குப் பிறகு. என்னைப்போல இதைச் சேகரிக்கிற வெள்ளைக்காரர்கள் இந்தப் பழக்கத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய பொக்கற்றை யாரும் நடுவீதியில் வெளியே இழுத்துப் பார்த்ததில்லை.

இளவயதில் நானும் அக்காவும் ஜேர்மனியில் ஓர் அகதி முகாமில் இருந்தோம். ரயில் ஸ்ரேசனுக்குப் போனாலும் சரி, சும்மா ஒரு வாங்கில் குந்தியிருந்தாலும் சரி, பச்சை மேற்சட்டையும் மண்ணிறக் காற்சட்டையும் போட்ட ஒருவர் வந்து நிற்பார். பொக்கற்றில் உள்ளதையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்வார். சில்லறை, பஸ் ரிக்கற், மூக்குத் துடைக்கிற லேஞ்சி. ஒருநாள் அக்கா எனக்கு மடித்துத் தந்த திருநீற்றுச் சரை அகப்பட்டது. அந்தக் காகிதத்தை விரித்து, வெள்ளைத் தூளை முகர்ந்து, விரலால் தொட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். அது என்னவென்று சொல்ல என்னிடம் ஜேர்மன் இல்லை. நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். எனக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார். அவர்கள் என்னை அடித்ததில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவருடைய பொக்கற்றுக்குள் அப்படி என்னதான் இருக்கும்? அந்தக் கேள்வியோடு நான் கனடாவுக்கு வந்தேன். அக்கா அங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டார்.

இன்று அஜின்கோர்ட்டில் என் வீட்டுப் பேஸ்மன்ற் முழுவதும் அந்த உடுப்புகள் தொங்குகின்றன. பழைய பச்சையும் உண்டு, பிறகு வந்த நீலமும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் கைச்சின்னம் மாறும். "மற்றவை பேஸ்மன்றை வாடகைக்கு விடுவினம். எங்கடை பேஸ்மன்றில ஒரு பொலிஸ் ஸ்ரேசனே வாடகை தராமல் இருக்கு" என்று மனைவி வருகிறவர்களிடம் சொல்வாள். வருகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டு முகம் கறுத்து மேலே ஏறுவார்கள். ஊரில் ஆமிக்குப் பயந்து ஓடிவந்த எங்கள் ஆட்களுக்கு எந்த யூனிபோமும் ஆகாது. நான் யாருக்கோ தகவல் கொடுக்கிறேன் என்றொரு கதைகூடக் கொஞ்சக்காலம் உலாவியது.

நானும் லேசுப்பட்ட ஆளில்லை, பெரிய சந்தேகப்பிராணி. ஒருமுறை ஒருவன் அசல் பொலிஸ் சட்டை என்று சொல்லிக் கார்னிவலுக்குப் போடுகிற வேஷ உடுப்பை என் தலையில் கட்டிவிட்டான். பொக்கற்றுக்கு மூடி மட்டும் இருந்தது, உள்ளே பை இல்லை. அன்றிலிருந்து விற்கிறவனையும் நம்புவதில்லை, அவன் அனுப்பும் படத்தையும் நம்புவதில்லை. இந்த உலகத்தில் நான் நம்பிய ஒரே ஆள் அக்காதான். முகாமில் தன் பங்கு இறைச்சியை என் தட்டில் போட்டுவிட்டுத் தனக்குப் பசியில்லை என்பார். நம்பினேன். பிறகு தன் மகளுக்கு அங்கே நகரசபையில் உத்தியோகம் கிடைத்துவிட்டது என்றார். அதையும் நம்பினேன்.

போன கோடையில் அக்காவின் ஊரிலிருந்து ஒருவர் இங்கே ஒரு கலியாணத்துக்கு வந்தார். எங்கள் ஆட்களில் ஒருவர் பிளேன் ஏறுகிறார் என்று தெரிந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லாரும் அவருடைய சூட்கேசில் இடம் பிடித்துவிடுவார்கள். அக்காவும் எனக்கு ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருந்தார். மோர்னிங்சைட்டில் வந்தவர் தங்கியிருந்த வீட்டுக்குப் போய் வாங்கினேன்.

"அக்கா பத்திரமாக் குடுக்கச் சொன்னவ அண்ணை. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது. நான் திறந்து பாக்கேல்லை."

இன்னொருவர் கட்டிய பார்சலைத் திறந்து பார்க்காமல் விமானத்தில் கொண்டுவருகிறவன் ஒன்றில் மூளை கழன்ற விசரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய்யனாக இருக்க வேண்டும். ஆளைப் பார்த்தால் விசரனாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். சொக்லேற், கோப்பிப் பக்கெற், அதற்குக் கீழே பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஒரு நீல மேற்சட்டை. முதுகில் வெள்ளி எழுத்து. வருடக்கணக்காக நான் தேடிக்கொண்டிருந்த அதே மாநிலத்தின் உடுப்பு. சந்தோசத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தச் சந்தோசம் மேசை விளக்கைப் போடும் வரைதான் நின்றது.

ஓய்வு பெற்றவர்களின் உடுப்பு என்னிடம் வரும்போது பெரும்பாலும் கைச்சின்னத்தைப் பிரித்துவிட்டிருப்பார்கள். நூல் இருந்த தடம்தான் மிஞ்சும். இதில் சின்னம் அப்படியே இருந்தது. கழுத்துப்பட்டி வெளுக்கவில்லை. துணி மெதுமையாவதற்குப் போடுகிற திரவத்தின் வாசம் வந்தது. அளவோ சிறியது, பெண்ணுடைய அளவு. இன்றைக்கும் யாரோ போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற உடுப்பு இது. வேலையில் இருக்கிறவர்கள் இதைக் கொடுக்க முடியாது. அப்படியென்றால் களவு. அக்கா அதைச் செய்கிற ஆளில்லை, மிஞ்சியவர் ஒருவர்தான். போனை எடுத்து, கொண்டுவந்தவரைப் பிடித்தேன்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். இந்த உடுப்பை நீர் எங்கை எடுத்தனீர்?"

"என்ன உடுப்பு? உங்களுக்குச் சாமானும் காவிக்கொண்டு வந்து, கள்ளன் எண்ட பேரும் கேக்கவேணுமோ?" போனை வைத்துவிட்டார். வைத்த வேகத்தைப் பார்த்தால் குற்றவாளியேதான் என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் சொக்லேற்றை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் பொக்கற்றுகளுக்குள் கைவிட்டேன். ஒன்றில் தலைமயிர் கட்டுகிற றப்பர் வளையம். இன்னொன்றில் சூயிங்கம். நெஞ்சுக்கு உள்பக்கத்தில் இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்த சின்னப் பொக்கற். அதற்குள் நான்கு மூலையும் உள்ளே செருகி மடித்த ஒரு காகிதச் சரை. விரிக்கத் தேவையிருக்கவில்லை. அந்த மடிப்பு எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக ஜேர்மன் பொலிஸின் பொக்கற்றுக்குள் என்ன இருக்கும் என்று தேடியவனுக்குக் கடைசியில் அக்காவின் சாமியறைத் திருநீறு கிடைத்தது. படியில் அப்படியே இருந்துவிட்டேன்.

அடுத்தநாள் காலை அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"உது பழைய சாமான் சந்தையில வாங்கினதடா தம்பி. நீ ஆசைப்பட்டனி எல்லே."

"சந்தையில விக்கிறவன் திருநீறும் பூசிறவனோ அக்கா?"

நான் விடவில்லை. எப்போது வாங்கினாய், யாரிடம் வாங்கினாய் என்று அந்தக் காலத்துப் பச்சைச் சட்டைக்காரர் மாதிரியே கேட்டுக்கொண்டு போனேன். அக்கா திடீரென்று அழத் தொடங்கினார்.

மகளுக்கு நகரசபையில் வேலை இல்லை. பொலிஸில் சேர்ந்திருக்கிறாள். இன்னும் வேலையை உறுதி செய்யவில்லை, பரீட்சித்துப் பார்க்கிற காலம். ரயில் ஸ்ரேசன் பக்கம் இரவு வேலை. ஒரு பொலிஸ்காரனைக் கத்தியால் குத்தியதை ரீவியில் பார்த்த நாளிலிருந்து அக்கா படுத்தால் நித்திரை இல்லை.

"உடுப்பில்லாட்டில் வேலைக்குப் போகேலாது எண்டு நினைச்சனடா. எரிக்க மனம் வரேல்லை, பிள்ளையின்ரை உடுப்பெல்லே. உன்ரை பேஸ்மன்றுக்குள்ள போனது திரும்பி வெளியில வராது எண்டு தெரியும். அதுதான் உனக்கு அனுப்பினன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "வேலை போகட்டும் எண்டுதான் செய்தன். ஆனா இப்ப அவளைக் கள்ளியைப் பாக்கிற மாதிரிப் பாக்கினமாம். ஆருக்குக் குடுத்தனி எண்டு கேக்கினமாம். வாற கிழமை விசாரணை. அவளுக்குச் சொல்லிப்போடாதை, என்னோட பிறகு கதைக்கமாட்டாள்."

எனக்குக் கோபம் வந்தது. அக்கா பொய் சொன்னதற்கில்லை. என்னைப் பூட்டுப் போட்ட பெட்டகமாகப் பாவித்ததற்கு. அதைவிட, அவர் கணித்தது சரி என்பதற்கு. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் கண் அந்த நீல உடுப்பைத் தொங்கவிட இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்காவின் மகளுக்கு, என் மருமகளுக்கு, போன் எடுத்தேன். நான்தான் ஆக்கினைப்படுத்திக் கேட்டேன், அக்கா பாவம் விளைவு தெரியாமல் எடுத்துத் தந்துவிட்டார், பிழை முழுக்க என்னுடையது என்று ஒப்புவித்தேன்.

"மாமா, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. காணாமல் போன அண்டைக்கே எனக்குத் தெரியும். அலுமாரி பூட்டித்தான் இருக்கும், திறப்பு என்னட்டையும் அம்மாட்டையும்தான் இருக்கு."

"பிறகேன் பிள்ளை அங்கை சொல்லேல்லை?"

"சொன்னால் வீட்டை வந்து அம்மாவை விசாரிப்பினம். அம்மா யூனிபோமைக் கண்டால் நடுங்குவா. நான் யூனிபோமோட வெளிக்கிட்டு நிண்டாலே நடுங்கிறவ."

"உன்னையெல்லே சந்தேகப்படுகினம்!"

"படட்டும் மாமா. வாற கிழமைக்குள்ள திரும்பி வந்தால் போதும், கொண்டுபோய்க் குடுத்து ஏதாவது சொல்லிச் சமாளிப்பன். உள் பொக்கற்றில ஒண்டு இருக்கும், அதை மட்டும் எடுத்திடாதேங்கோ. அதை அம்மாதான் கிழமைக்குக் கிழமை மாத்தி வைக்கிறவ."

இனி அதைத் திருப்பி அனுப்ப ஒரே வழிதான் இருந்தது. கலியாணத்துக்கு வந்தவர் மறுநாள் பிளேன் ஏறுகிறார். வெட்கத்தை விட்டு மோர்னிங்சைட்டுக்குப் போனேன்.

"என்ன அண்ணை, நான் இப்ப கள்ளனில்லையோ?"

"இல்லைத் தம்பி. மன்னிச்சுக்கொள்ளும்."

"இந்த முறை பிரிச்சுப் பாத்திட்டுத்தான் கொண்டுபோவன்." சேலைத் துண்டைப் பிரித்தார். நீல உடுப்பைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. "இது எங்கடை ரயில் ஸ்ரேசனில நிக்கிற பிள்ளையின்ரை அளவாயெல்லோ இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் நான்தான்.

பிறகும் அவருக்கு என் மேல் நம்பிக்கை வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை? ஒவ்வொரு பொக்கற்றாகக் கைவிட்டுப் பார்த்தார். றப்பர் வளையம். சூயிங்கம். பிறகு நெஞ்சுப் பக்கத்துச் சிப்பைத் தேடிப் பிடித்தார்.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். "அதுக்குள்ள மட்டும் கைவிடாதையும்."

"ஏன் அண்ணை, என்ன இருக்கு?"

"அது அந்தப் பிள்ளையின்ரை பொக்கற்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும் என்று கையை விடாமல் நின்றேன்.