ஒரு டன் ஏசியும் எங்கள் வீட்டுச் சுவரும்

உலகத்திலேயே ஏசி மிஷினுக்குப் பயந்து அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதுவும் நாலாம் வகுப்பில், கணக்கில் முதல் மார்க் வாங்கிய திமிரோடு. முட்டாள்தனத்துக்கு மார்க் போட்டிருந்தால் அதிலும் நானே முதல்.

அப்பாவுக்கு விசைத்தறியில் இரவு ஷிப்ட். விடிந்து வந்து படுத்தால் கொஞ்ச நேரத்தில் மேல்தளம் தோசைக்கல்லாகிவிடும். அம்மா தரையில் தண்ணீர் தெளிப்பாள், ஜன்னலில் ஈரச்சேலையைத் தொங்கவிடுவாள். அப்பா புரண்டு புரண்டு கிடந்துவிட்டு, சிவந்த கண்ணோடு மறுபடி தறிக்குப் போவார். அந்தக் கோடையில் ஒருநாள் தறி முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து, விரலில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். நகம்தான் போயிருந்தது, விரல் தப்பிவிட்டது. அன்றைக்கே அம்மா, கடையநல்லூரில் ஏசி விற்கும் கடையில் வேலை பார்த்த மாமாவுக்குப் போன் போட்டாள்.

மாமா வந்து அறையை அளந்துவிட்டு, "ஒரு டன் போதும் அத்தான்" என்றார். தவணைக்கும் அவரே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அப்பா பிடி கொடுக்கவில்லை. ஏசிக் காற்று மூக்கை அடைக்கும், மூட்டு பிடிக்கும், ஃபேனே தாராளம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கரண்ட் பில் என்ற வார்த்தையை மட்டும் மச்சினன் முன்னால் அப்பா எடுக்கவே இல்லை. கடைசியில் அவரிடம் காரணம் தீர்ந்துபோனது.

அந்த நேரத்தில்தான் நான் நுழைந்தேன். 'டன்' என்று காதில் விழுந்ததுமே மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு டன் என்றால் ஆயிரம் கிலோ. போன வாரம்தான் படித்தது. மாட்டப்போகும் சுவரோ, காலண்டருக்கு ஆணி அடித்ததற்கே ஒரு கைப்பிடி பூச்சைக் கொட்டிய சுவர். அதன் அடியில் அப்பாவின் கட்டில். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"வேண்டாம்ப்பா, சுவரு இடிஞ்சு ஒங்க மேல விழுந்துரும்."

மாமா சிரிக்க வாயைத் திறந்தார். அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

"பய சொல்லுதது சரிதான மாப்ள. சுவரு தாங்காது."

அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. சங்கரன்கோவிலில் ஏசி மாட்டியிருந்த வீட்டுச் சுவர்களையெல்லாம் ஒரு இன்ஜினியரின் பரிதாபத்தோடு பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அம்மா மறுநாள் சாயங்காலம் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இவிய சுவரு தாங்காதுங்காவ. நீங்க பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் தட்டினார், சுரண்டினார். பூச்சுதான் மட்டம், கட்டு நல்ல கட்டு, இதில் யானையையே மாட்டலாம் என்று சொல்லிவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார். யானையின் எடை எனக்குத் தெரியும். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

"அப்பம் சரிப்பா" என்று அனுமதி கொடுத்துவிட்டேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னாலேயே ஏசி வந்துவிட்டது. ஒல்லியான ஒரு அண்ணன் அதைத் தோளில் வைத்துத் தனியாளாகத் தூக்கி வந்தார். அவர் சாப்பிடுவது என்னவாக இருக்கும் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். முதல் நாள் படுத்த அப்பா பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அம்மா ஒருதடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். நான் வாசலில் உட்கார்ந்து சுவரைக் காவல் காத்தேன்.

ஏசிக்கு டன் என்பது எடையல்ல, குளிர்விக்கும் அளவு என்பது பின்னால் தெரிந்தது. அப்பா பயந்தது கரண்ட் பில்லுக்கு என்பதும், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு என் ஆயிரம் கிலோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்பதும் எனக்கு மீசை முளைத்த பிறகுதான் உறைத்தது. அம்மாவுக்கு அது அன்றைக்கே தெரியுமா? போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, அந்த அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்று, ஏதோ பெரிய கண்டுபிடிப்புப் போல அம்மாவிடம் கேட்டேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"கதவச் சாத்துலே, அப்பா உறங்குதாவ."