யாத்திரை திரும்பிய தெரு

ஊரில் பாதிச் சுவர் பெயிண்டர் கைபட்டது. பல் டாக்டர் போர்டு, பஞ்சர் கடை போர்டு, 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று எழுதிய மறுநாளே குப்பை மேடான காம்பவுண்டுச் சுவர், எல்லாம் அவர் உபயம். எழுத்தில் கெட்டிக்காரர். பேச்சு என்று வந்தால் மட்டும் வாயில் பூட்டுப் போட்டுக்கொள்வார். அந்த இலாகா முழுவதும் மனைவியிடம் இருந்தது.

வருஷா வருஷம் மலைக்குப் போகும் யாத்திரை அந்த ஊர் மெயின் ரோடு வழியாகத்தான் போகும். திருப்பத்துக்குத் திருப்பம் தார் ரோட்டில் வெள்ளை அம்பு போடுவது பெயிண்டர் வேலை. செருப்பில்லாமல் நடப்பவர்கள் கல்லுக்கும் கண்ணாடித் துண்டுக்கும் பயந்து தரையைப் பார்த்தே நடப்பார்கள். போர்டை யார் ஏறெடுத்துப் பார்க்கிறார்கள்? அம்பு காட்டின பக்கம் போய்க்கொண்டே இருப்பார்கள்.

யாத்திரையைப் பார்க்க முதல் ஆளாய்ப் போய் நிற்பது அவர் மனைவிதான். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், அவளுக்கு மனுஷ முகம் பார்க்க வேண்டும். யார் நொண்டுகிறார்கள், எந்த மருமகள் மாமியாரை விட்டுவிட்டு முன்னால் ஓடுகிறாள் என்று வருஷம் முழுக்கப் பேசச் சரக்கு அங்கேதான் கிடைக்கும். இந்த வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாயிற்று. ஜன்னலில் தெரிந்ததோ வெறிச்சென்ற தெருவும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்.

"நாற்காலியில உட்கார வச்சு, நாலு பேரை விட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்றேன்," என்றார்.

"நாலு பேரா? உயிரோட இருக்கும்போதே என்ன அவசரம்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "இத்தனை வருஷம் பார்த்தது போதும், விடுங்க."

போதும் என்ற வார்த்தையை அவள் வாயால் அவர் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை அம்பு போட்டுக்கொண்டே தங்கள் தெருமுனைக்கு வந்தவர், நேரே போட வேண்டியதை வளைத்து உள்பக்கம் போட்டுவிட்டார். முட்டுச்சந்து ஒன்றும் இல்லையே, சுற்றிக்கொண்டு மறுபடி மெயின் ரோட்டில்தானே சேருகிறது, சாமி கோபித்துக்கொள்ளாது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் பாட்டும் தாளமுமாய் யாத்திரை திமுதிமுவென்று தெருவுக்குள் புகுந்தது. பால்காரர் சைக்கிளோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்ததும் பெயிண்டர் பூரித்துப்போனார். அவளோ கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஐயையோ, இது வழியில்லைங்க! திரும்புங்க, திரும்புங்க! எந்த அறிவுகெட்டவன் உங்களை இந்தப் பக்கம் அனுப்பினான்?"

முன்னால் வந்தவர்கள் நிற்க, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் மோதினார்கள். முதலில் வந்த தாடிக்காரர், "தரையில அம்பு போட்டிருக்கேம்மா!" என்றார்.

"அம்பு போடறது எங்க வீட்டுக்காரருங்க. அவர் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாக்கூட..."

பேச்சு பாதியில் நின்றது. கூட்டத்துக்கு நடுவே பெயிண்ட் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தபடி நின்ற கணவனை அவள் பார்த்துவிட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா, திரும்பணுமா வேண்டாமா?" என்றார் தாடிக்காரர்.

"வேணாங்க, இதுதான் வழி," என்றாள். "கொஞ்சம் மெதுவாப் போங்க."